பாரத்தீரியமா, தட்சிணாவா? ஒரு விலங்கு, எட்டுப் பற்கள், இரண்டு பெயர்கள்

#1 வேப்பம்பூ

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்துகிறேன். அடுத்த மாதம் எங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. மாணவிகள் நான்கு பேர் ‘டைனோசர் காலத்து இந்தியப் பாலூட்டிகள்’ என்று தலைப்பு எடுத்திருக்கிறார்கள். நேற்று சார்ட் எழுதும்போது சண்டை மூண்டுவிட்டது. ஒருத்தி ‘பாரத்தீரியம் போனபார்ட்டெய்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி முடித்துவிட்டாள். இன்னொருத்தி அதே விலங்குக்கு ‘தட்சிணா ஜெடெரி’ என்று குறிப்பெடுத்து வந்திருக்கிறாள். இரண்டு பெயரும் 2007இல் வெளியானவை. வைத்தவர்களும் சாதாரண ஆட்கள் இல்லை.

இதற்கு நடுவே மூன்றாமவள், “மிஸ், நம் ஊர் மிருகத்துக்கு நெப்போலியன் பெயரை ஏன் வைத்தார்கள்?” என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்து வந்திருக்கிறேன்.

சார்ட்டில் எதை விடுவது, எதை அடிப்பது? கிடைத்தவை வெறும் பற்கள் என்கிறார்கள். பல்லை வைத்துக்கொண்டு ஒரு புதிய பேரினத்தையே அறிவிக்கலாமா?

#2 பழைய ஏடு

அம்மா, முதலில் நெப்போலியனை அனுப்பிவிடுவோம். இவர் ஹோசே போனபார்ட்டே, அர்ஜென்டினாவின் தொல்லுயிரியலாளர். 1986இல் பட்டகோனியாவில் கிடைத்த விசித்திரமான பற்களுக்குக் கோண்டுவானாதீரியம் என்று பெயரிட்டவர். அந்தக் கூட்டத்தின் உறவுக்காரன்தான் நம் விலங்கு. அந்த மரியாதைக்காகத்தான் சிற்றினப் பெயர் அவருக்குப் போனது. ‘பாரத்’ உங்களுக்கே தெரியும். ‘தீரியம்’ என்பது கிரேக்கத்தில் விலங்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

சார்ட்டில் நிற்க வேண்டியது பாரத்தீரியம். தட்சிணா அதன் இளைய இணைப்பெயர், அதாவது அதே விலங்குக்குப் பின்னால் வந்த இன்னொரு பெயர். காரணத்தை மாலையில் எழுதுகிறேன், இப்போது கண் சொட்டு மருந்து விட்டுக்கொள்ளும் நேரம்.

#3 கடைவாய்

நான் பல் மருத்துவன். இருபது ஆண்டுகளாகப் பிறர் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கடைவாய்ப்பல்லைக் கையில் கொடுத்தால் மேலா கீழா, இடமா வலமா, ஏறக்குறைய எந்த வயது, பற்களை நெரிக்கும் பழக்கம் உண்டா என்றெல்லாம் சொல்லிவிடுவேன். ஆனால் அதைப் பார்த்து, “இது உலகம் அறியாத புதிய உயிரினம், பெயர் இன்னது” என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வராது. ஒரே மனிதனின் வாயில் முதல் கடைவாய்ப்பல்லும் மூன்றாவதும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஞானப்பல் இருக்கிறதே, அது தன் இஷ்டத்துக்கு முளைக்கும். இப்படியிருக்க, எலும்பு இல்லை, தாடை இல்லை, உதிரிப் பற்கள் மட்டும் என்றால்? மன்னிக்க வேண்டும், எனக்கு இது குறி சொல்வது போலத்தான் தெரிகிறது.

#4 சல்லடைக்காரன்

டாக்டர், உங்கள் சந்தேகம் நியாயமானது. நான் கொஞ்ச காலம் ஓர் ஆய்வகத்தில் திட்ட உதவியாளனாக இருந்தேன். (எந்த ஆய்வகம் என்று கேட்காதீர்கள்.) பல் எப்படிக் கைக்கு வருகிறது என்பதிலிருந்து தொடங்கினால்தான் பேச்சு புரியும்.

தக்காணத்தில் எரிமலைக் குழம்பு ஒரே மூச்சில் ஓடிவிடவில்லை. ஓடும், ஓயும், மறுபடி ஓடும். ஓய்ந்த இடைவெளியில் பள்ளங்களில் நீர் தேங்கிக் குளமாகும். அதில் மீன், தவளை, முதலை, கரையில் சிறு பாலூட்டிகள். அடுத்த குழம்பு வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். போளிக்குள் பூரணம் போல இரண்டு கருங்கல் அடுக்குகளுக்கு நடுவே ஒரு குளத்துச் சேறு. தெலங்கானாவில் விகாராபாத் பக்கம் இருக்கும் நாஸ்கல், கர்நாடகத்தின் கோகாக், மத்தியப் பிரதேசத்தின் கிசல்புரி, இந்த விலங்கின் பற்கள் கிடைத்த மூன்று இடங்களும் அப்படிப்பட்டவை. வயது ஏறக்குறைய 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள், டைனோசர்களின் கடைசி அத்தியாயம்.

அந்தச் சேற்றைச் சாக்குச் சாக்காகக் கொண்டு வருவோம். வெயிலில் காய வைப்போம். காய்ந்த கட்டியை மண்ணெண்ணெயில் ஊற வைத்து, வடித்து, பிறகு தண்ணீர் விட்டால் கல் போல இருந்தது பொலபொலவென்று உதிரும். மெல்லிய கம்பிச் சல்லடையில் அலசி, தங்கியதை உலர்த்தி, கட்டம் போட்ட சிறு தட்டில் பரப்பி, நுண்ணோக்கியின் கீழ் கட்டம் கட்டமாகப் பார்க்க வேண்டும். இடுக்கியை அந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது. அழுத்தினால் பல் தெறித்துப் போய்விடும், அப்புறம் அறை முழுக்கத் தவழ்ந்து தேட வேண்டியதுதான். மெல்லிய தூரிகையின் நுனியை ஈரப்படுத்தித் தொட்டு எடுப்போம். ஒரு சாக்கு மண்ணில் மீன் செதில், மீன் பல், நத்தை ஓடு என்று கொட்டிக் கிடக்கும். பாலூட்டிப் பல் ஒன்றுகூட இல்லாமல் வாரக்கணக்கில் போகும்.

என் வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வளைந்த ஒரு துண்டை ‘மீன், இனம் தெரியவில்லை’ என்று எழுதி ஒரு சிறு குப்பியில் போட்டேன். எட்டு மாதம் கழித்து வேறொருவர் அதைத் திறந்து பார்த்து, “இதில் எனாமல் மடிப்பு இருக்கிறதே, உனக்குக் கண் இல்லையா?” என்றார். உடைந்த பாலூட்டிப் பல்.

பாரத்தீரியத்தின் முதல் பல்லுக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான். நாஸ்கலில் 1989இல் எடுத்தார்கள். ஜம்மு பல்கலைக்கழக ஆய்வகத்தில் ‘நாஸ்கல் 25’ என்கிற பொருளில் ஓர் எண்ணோடு இருந்தது. அது என்னவென்று அப்போது புரியவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் மடகாஸ்கரில் லவனிஃபி என்ற விலங்கின் பற்கள் கிடைத்த பிறகுதான், அட, இது அதன் பங்காளி என்று விளங்கியது. 1997இல் நேச்சர் இதழில் இரண்டையும் சேர்த்து வெளியிட்டார்கள். மடகாஸ்கர் பல்லுக்குப் பெயர் வைத்தார்கள். மலகாசி மொழியில் ‘லவ’ என்றால் நீளம், ‘நிஃபி’ என்றால் பல். இந்தியப் பல்லுக்குப் பெயர் வைக்கவில்லை. ஒரே ஒரு பல், அதனால் குடும்பத்தை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். டாக்டர் எதிர்பார்க்கும் அந்த அடக்கம் அங்கே இருந்தது. பத்து ஆண்டுகள் பெயரில்லாமல் கிடந்தது.

#5 கடைவாய்

‘எனாமல் மடிப்பு’ என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பல்லைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள். என்ன உயரம், எத்தனை முகடு?

#6 சல்லடைக்காரன்

உயரம் 6 முதல் 8.5 மில்லிமீட்டர். உங்களுக்குப் பழக்கமான முகடு, பள்ளம் எதுவும் மேற்பரப்பில் இல்லை. நெடுக வளர்ந்த, வளைந்த தூண் போன்ற பல். மாடு, குதிரைப் பற்களைப் போல உயரம் அதிகம், தேயத் தேயத் தாங்குவதற்காக. நான்காவது கீழ்க் கடைவாய்ப்பல்லாக இருக்கலாம் என்று கருதுபவற்றில் ஒரு பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு பெரிய பள்ளம் ஓடுகிறது, நடுவே ஆழமான குழி. எனாமலை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் பட்டகங்கள் எனப்படும் நுண்ணிய தண்டுகளுக்கு இடையே இருக்கும் பொருள் இடைவிடாத பட்டைகளாகப் போகிறது. இந்தப் பள்ளமும் இந்தப் பட்டைகளும் மடகாஸ்கரின் லவனிஃபியில் இருக்கின்றன. அதே காலத்தில் வாழ்ந்த வேறெந்தப் பாலூட்டிக் கூட்டத்திலும் இப்படி ஒரு பல்லைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

ஞானப்பல் பற்றிச் சொன்னீர்கள். பாலூட்டிகளின் பல் எனாமல் வெளியே வந்த பிறகு மாறுவதில்லை, தேயும், அவ்வளவுதான். எலும்பு போல வாழ்நாளில் உருமாறாது. அழுகாமல் நெடுங்காலம் தாங்குவதும் அதுதான். ஆரம்பகாலப் பாலூட்டிகள் பலவற்றை நாம் பல்லாக மட்டுமே அறிவோம் என்பதற்குக் காரணம் ஆசை இல்லை, அதுதான் மிஞ்சுகிறது.

#7 குறிஞ்சித்தேன்

முதுகலை நிலவியல் மாணவன். என் ஓட்டு தட்சிணாவுக்கு.

காரணம் இருக்கிறது. பிரசாத்தும் குழுவினரும் பாரத்தீரியத்தைக் கிசல்புரியில் கிடைத்த ஒரு பல்லை ஆதாரமாக வைத்து அறிவித்தார்கள், நாஸ்கலின் பழைய பல்லைத் துணைக்கு வைத்துக்கொண்டார்கள். வில்சன், தாஸ் சர்மா, அனந்தராமன் மூவரும் தட்சிணாவுக்கு நாஸ்கலின் அந்தப் பழைய பல்லோடு இன்னும் ஆறு பற்களைக் காட்டினார்கள். கோகாக்கிலிருந்தும் வந்தன. எது கனமான ஆய்வு? பெயரும் அழகு: தெற்கைச் சேர்ந்தது. தென்னிந்தியாவும் ஆயிற்று, கோண்டுவானா என்ற தென் பெருங்கண்டமும் ஆயிற்று. ஒரு சொல்லில் இரண்டு பொருள். சில மாதம் முந்திவிட்டது என்பதற்காக மற்றது வெல்வது என்ன நியாயம்?

#8 வேப்பம்பூ

என் மாணவி ஒருத்தி அது குருவுக்குக் கொடுக்கும் தட்சிணை என்று நினைத்துவிட்டாள். முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் சுற்றுலா போனதை நினைவுபடுத்தித்தான் விளக்கினேன்.

#9 பழைய ஏடு

தம்பி குறிஞ்சித்தேன், பந்திக்கு முந்தியவருக்குத்தான் இலை. விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பு அழகுக்கும் கனத்துக்கும் மதிப்பெண் போடுவதில்லை. போட ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு பத்தாண்டிலும் ஒருவர் வந்து, என்னிடம் கூடுதல் பற்கள் இருக்கின்றன, என் பெயரை வையுங்கள் என்பார். லின்னேயஸின் 1758ஆம் ஆண்டுப் பதிப்பைத் தொடக்கக் கோடாக வைத்து, அதற்குப் பின் முறைப்படி முதலில் அச்சேறிய பெயர் நிற்கும் என்று முடிவு கட்டியது இந்தத் தலைவலிக்குத்தான். பாரத்தீரியம் இந்திய தேசிய அறிவியல் கழகத்தின் நடவடிக்கை இதழில் 2007இன் முதல் இதழில் வந்துவிட்டது. தட்சிணா அமெரிக்காவின் முதுகெலும்பித் தொல்லுயிரியல் இதழில் ஜூனில் வந்தது. எந்தக் கட்டுரையை யார் முதலில் எழுதினார்கள் என்பது கேள்வி இல்லை, எந்த நாளில் வெளியானது என்பதுதான் கணக்கு. 2008இல் பிரசாத்தே இரண்டும் ஒரே இனம், முந்தியது பாரத்தீரியம் என்று எழுதினார்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஒரு பெயர் விலங்கோடு ஒட்டியிருப்பதில்லை, ஒரு மாதிரியோடு ஒட்டியிருக்கிறது. அதைத்தான் ஹோலோடைப் என்கிறோம், பெயரைச் சுமக்கும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாரத்தீரியம் என்ற சொல்லை ஆணியடித்து மாட்டியிருப்பது கிசல்புரிப் பல்லில். தட்சிணாவின் ஆணி வேறொரு பல்லில். நாஸ்கல் பல்லை இரண்டு வீட்டாரும் தங்கள் பிள்ளை என்றார்கள், ஆனால் பெயரைச் சுமப்பது அது இல்லை. ஆக, ‘இரண்டும் ஒன்று’ என்பது சட்டம் அல்ல, நிபுணர்களின் கருத்து. நாளைக்கு ஒருவர் கிசல்புரிப் பல்லும் அந்த இன்னொரு பல்லும் வேறு வேறு விலங்கு என்று நிரூபித்தால், தட்சிணா எழுந்து உட்கார்ந்துவிடும். பிரான்டோசாரஸுக்கு அதுதான் நடந்தது. 1903இல் அதை அபடோசாரஸில் சேர்த்துக் கதையை முடித்தார்கள், 2015இல் ஓர் ஆய்வு மீண்டும் பிரித்தெடுத்தது.

அதுவரை தட்சிணாவை வேறு எந்த விலங்குப் பேரினத்துக்கும் எடுத்து வைக்கவும் முடியாது. காலி வீடுதான், ஆனால் பூட்டு தொங்குகிறது.

#10 குறிஞ்சித்தேன்

ஐயா, ‘கருத்துதான், சட்டம் அல்ல’ என்பது எனக்குப் புதிது. எங்கள் வகுப்பில் இளைய இணைப்பெயர் என்றால் செத்த பெயர் என்றுதான் சொன்னார்கள். ஓட்டைத் திரும்பப் பெறவில்லை, ஆனால் வழக்கைத் திரும்பப் பெறுகிறேன்.

#11 கடைவாய்

பெயர் விவகாரம் சரி. வகைப்பாடு? இது யாருக்கு உறவு? பல்லை வைத்துக் குடும்பம் வரை போகலாம் என்று ஒப்புக்கொள்கிறேன். பாலூட்டிகளின் மரத்தில் எந்தக் கிளையில் உட்கார வைத்தார்கள்?

#12 சல்லடைக்காரன்

இங்கேதான் உங்கள் சந்தேகத்துக்கு முழு மரியாதை கிடைக்கிறது, டாக்டர். எண்பதுகளில் அர்ஜென்டினாப் பற்களைப் பார்த்தவர்கள் உயர்ந்த தூண் போன்ற அமைப்பை வைத்து, தேவாங்கின் சாயலில் மரத்தில் தொங்கும் ஸ்லாத், அர்மடில்லோ ஆகியவற்றின் மூதாதையர் என்றார்கள். பிறகு, பல்லில் வரிசை வரிசையாகப் பல முகடுகள் கொண்ட, அழிந்துபோன மல்டிட்யூபர்குலேட்டுகளின் கூட்டத்தில் சேர்த்தார்கள். 1999இல் சுதாமெரிக்கா என்ற உறவு விலங்கின் கீழ்த்தாடையை விவரித்தார்கள், அதில் ஒரு பக்கத்துக்கு நான்கு கடைவாய்ப்பல் வகைப் பற்கள். மல்டிட்யூபர்குலேட்டுக்குக் கீழ்த்தாடையில் ஒரு பக்கத்துக்கு உண்மையான கடைவாய்ப்பல் இரண்டுதான். கணக்கு இடித்தது. மறுபடியும் ‘இடம் தெரியவில்லை’ பெட்டிக்குப் போனது.

அதிர்ஷ்டம் மடகாஸ்கரில் காத்திருந்தது. மீன் புதைபடிவங்களுக்காக எடுத்துப்போன ஒரு மணற்கல் பாளத்தை சிடி ஸ்கேன் செய்தபோது உள்ளே ஒரு பாலூட்டியின் முழு மண்டை ஓடு தெரிந்தது. 2014இல் அதற்கு வின்டானா என்று பெயர் வைத்தார்கள். மலகாசியில் ‘அதிர்ஷ்டம்’ என்றுதான் பொருள். எடை ஏறக்குறைய 9 கிலோ இருந்திருக்கும் என்று கணித்தார்கள், அந்தக் காலத்துப் பாலூட்டிக்கு அது பூதம். 2020இல் அடலாதீரியம், கிட்டத்தட்ட முழு எலும்புக்கூடு. ‘அடல’ என்றால் பைத்தியம். முதுகெலும்பும் பின்னங்காலும் எந்த இலக்கணத்துக்கும் அடங்காததால் அந்தப் பெயர். இந்த இரண்டும் வந்த பிறகு மல்டிட்யூபர்குலேட்டுகளின் பக்கத்து வீடு என்ற கருத்து மீண்டும் வலுப்பெற்றது.

இத்தனை இடமாற்றத்திலும் ‘இவை எல்லாம் ஒரே கூட்டம்’ என்று பல்லை வைத்துச் சொன்னது மட்டும் ஆடவில்லை.

#13 பழைய ஏடு

சல்லடைக்காரர் சொன்னதற்கு நம் நாட்டு உதாரணம் ஒன்று. அதே நாஸ்கலில் கிடைத்த டெக்கனோலெஸ்டஸ் ஹிஸ்லோபி. பிரசாத்தும் அசோக் சாஹ்னியும் 1988இல் நேச்சரில் அறிவித்தார்கள். டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதியான கிரீட்டேசியத்தைச் சேர்ந்த இந்தியப் பாலூட்டிகளில் முதலாவது அது. ‘தக்காணத்துக் கள்வன்’ என்று பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாகபுரியைச் சுற்றிக் கல் பொறுக்கிய ஹிஸ்லோப் பாதிரியார் நினைவாகச் சிற்றினப் பெயர். முதலில் ஒரு குடும்பம் என்றார்கள், கணுக்கால் எலும்புகள் கிடைத்ததும் மரமேறி என்றார்கள், இப்போது இன்னொரு குடும்பம். வீடு மாறிக்கொண்டே இருக்கிறது, கள்வன் பெயர் மாறவில்லை.

இதில் பிரசாத் என்று வருபவர் ஜி.வி.ஆர். பிரசாத். 2005இல் மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவில் கிடைத்த டைனோசர் சாணப் படிவங்களில் புல்லின் சிலிக்காத் துகள்களைக் கண்டறிந்த குழுவின் வந்தனா பிரசாத் வேறு. மாணவிகள் குழப்பிக்கொள்வார்கள், எழுதி வையுங்கள். அந்தப் புல் செய்தியும் சார்ட்டுக்கு உதவும். உயரமான பல் எதை மென்று தேய்ந்தது என்ற கேள்விக்குப் புல் ஒரு நல்ல பதிலாக முன்வைக்கப்படுகிறது.

#14 செம்பருத்தி

பாரதம், தட்சிணம்... எல்லாம் வடமொழி. ஒரு தமிழ்ப் பெயர் வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லையா?

#15 மட்டுறுத்துநர்

இந்தத் திசையில் வந்த ஆறு மறுமொழிகளை நீக்கியிருக்கிறேன். தெலங்கானாவிலும் கர்நாடகத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் கிடைத்த விலங்கு. மொழிப்போருக்கு வேறு இழை திறந்துகொள்ளலாம்.

#16 வேப்பம்பூ

தமிழில் எழுதுவது பற்றியே ஒரு சிக்கல் இருக்கிறது, அது போர் இல்லை. ‘பாரத்’ முடிந்து ‘தீரியம்’ தொடங்குகிறது. பாரத்தீரியம் என்றால் இரண்டு தகரமும் வந்துவிடுகின்றன. சில இடங்களில் ‘பாரதீரியம்’ என்று பார்த்தேன். எது சரி?

#17 பழைய ஏடு

விதித்தொகுப்புக்குக் கட்டுப்படுவது லத்தீன் எழுத்தில் இருக்கும் பெயர் மட்டும். தமிழில் எப்படி எழுதினாலும் யாரும் வழக்குப் போட முடியாது. ஆனால் ஒரு தகரத்தை விழுங்கினால் ‘பாரதி’ நினைவுக்கு வந்து தொலைக்கிறது. இரட்டைத் தகரமே இருக்கட்டும். பெயரைச் சாய்வெழுத்தில் எழுதச் சொல்லுங்கள். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இல்லாததால் பேரினத்தையும் சிற்றினத்தையும் பிரித்துக் காட்ட வேறு வழி இல்லை, இரண்டு சொல்லுக்கும் நடுவே தாராளமாக இடம் விடச் சொல்லுங்கள்.

#18 வேப்பம்பூ

எழுதியாகிவிட்டது. ‘பாரத்தீரியம் போனபார்ட்டெய், 2007. இணைப்பெயர்: தட்சிணா ஜெடெரி, 2007. கிடைத்தவை: ஒரு வெட்டுப்பல், ஏழு கடைவாய்ப்பல் வகைப் பற்கள்.’ சண்டை போட்ட இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

புதிய பிரச்சினை. நான்காமவள் நன்றாகப் படம் வரைவாள். அணில் போல வாலும், மீசையும், பழுப்பு ரோமமுமாக ஒரு விலங்கை வரைந்து வைத்திருக்கிறாள். எட்டுப் பற்கள் மட்டும் கிடைத்தது என்று அதற்குக் கீழேயே எழுதிவிட்டு, வாலுக்கு என்ன ஆதாரம் என்று நானே கேட்க வேண்டியதாயிற்று. முகம் வாடிவிட்டது. பிறகு அவளே, “அப்படியானால் பல்லைப் பெரிதாகச் செய்யலாமா மிஸ்?” என்றாள். 8.5 மில்லிமீட்டரை நூறு மடங்கு பெருக்கினால் 85 சென்டிமீட்டர். தெர்மாகோல் வாங்கி வந்துவிட்டார்கள். செதுக்கத்தான் தெரியவில்லை.

#19 கடைவாய்

முதலாம் ஆண்டில் எங்களை மெழுகுக் கட்டியில் பல் செதுக்க வைத்தே கொன்றார்கள். கை மறக்கவில்லை. உங்கள் ஊர் எந்தப் பக்கம் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள், பக்கமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை கத்தியோடு வருகிறேன்.

சல்லடைக்காரர் ஐயா, வளைவு எந்த அளவு? அந்தப் பள்ளம் இரண்டு பக்கமுமா?

#20 சல்லடைக்காரன்

ஒரு பக்கம் மட்டும். அடிவரை இழுத்துவிடுங்கள். குழி நடுவில், மேலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும், விரல் உள்ளே போகிற அளவுக்கு ஆழமாக. வளைவு வாழைப்பழம் அளவுக்குப் போய்விடக் கூடாது, அதைவிடக் கொஞ்சம் குறைவு. தெர்மாகோலைச் சூடான கம்பியால் வெட்டுங்கள் டாக்டர், கத்தி வைத்தால் உதிரும்.